கட்டிலுக்கடியில் குளிர்

கோட்டுப் போட்டுக்கொண்டு குளிக்கப் போகிற மனிதரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் மாதக்கணக்கில் தினமும் பார்த்தேன். தோளில் துண்டு, கையில் சோப்புப் பெட்டி, உடம்பில் கழுத்துவரை பொத்தான் போட்ட சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு. மாடிப்படி இறங்கிச் சந்து தாண்டிக் குழாயடிக்குப் போவார். அங்கே கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் குளிப்பார். குளித்து முடித்ததும் ஈர உடம்பின் மேலேயே அதை மறுபடி மாட்டிக்கொண்டு திரும்புவார். இதெல்லாம் ஊட்டியில் இல்லை, ரங்கூனில். லான்மடாப் பேட்டையில், தார் உருகி டிராம் தண்டவாளத்தில் ஒட்டுகிற வெயிலில்.

ஏன் தம்பி இந்தக் கூத்து என்று கேட்டால், எதிர்ச்சாரியில் துணிக்கடையில் இருக்கிற பையன் குன்னூர்க்காரன், அவன் பார்த்து ஊருக்கு எழுதிவிட்டால் என்ன செய்வது என்பார். அந்தப் பையனுக்கு எழுதப் படிக்கவே தெரியாது என்பது வேறு விஷயம்.

இவரும் குன்னூர்க்காரர்தான். பெயர் வேண்டாம், அவர் பிள்ளைகள் இதைப் படித்தால் என்னோடு சண்டைக்கு வருவார்கள். நாங்கள் எல்லோரும் குன்னூர்க்காரர் என்றுதான் கூப்பிட்டோம்.

முதல் யுத்தம் முடிந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். என் வீட்டுக்காரர் ரங்கூனில் அலோன் படகுத்துறையில் குமாஸ்தாவாக இருந்து, காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். ஊருக்குத் திரும்பினால் கொழுந்தன்மார் வீட்டில் மாவாட்ட வேண்டும் என்று தெரிந்ததால், நான் ரங்கூனிலேயே தங்கிவிட்டேன். பாளையங்கோட்டைப் பக்கத்துக்காரிக்குச் சமையல் சொல்லித்தர வேண்டுமா? ஒரு மரவீட்டின் மாடியில், கிறிஸ்தவக் குமாஸ்தாக்கள் ஐந்து பேருக்கு மெஸ் வைத்தேன். ஐந்து பேரும் என்னை அக்கா என்றார்கள். ஐந்து பேருமே என் உயிரை எடுத்தார்கள். அதில் குன்னூர்க்காரர் எடுத்ததுதான் அதிகம்.

அவர் குணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அவருக்குப் பொய் சொல்ல வராது. வாய் தவறி ஒன்று வந்துவிட்டால் அதைத் திரும்ப வாங்கவும் தெரியாது. சொன்னதை உண்மையாக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

அவர் வேலை பார்த்தது அலோனில் ஒரு மரக்கிடங்கில். வந்த புதிதில், யானை தேக்குக்கட்டையைத் தூக்கி அடுக்குவதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்று ஒரு மணி நேரம் தாமதமாகிவிட்டார். துரை கேட்டதற்குக் கால் சுளுக்கிவிட்டது என்று சொல்லிவிட்டார். வேறு யாராக இருந்தாலும் மறுநாள் ஒழுங்காக நடந்துபோவான், துரையும் மறந்துபோவான். இவர் நொண்டினார். கிடங்கில் மட்டும் இல்லை, டிராமில் நொண்டினார், கோயிலில் நொண்டினார், என் அடுப்பங்கரைக்குத் தண்ணீர் கேட்டு வரும்போதும் நொண்டினார். நாற்பது நாள் நொண்டிய பிறகு மெய்யாகவே கால் சுளுக்கிக்கொண்டு, நான் தைலம் காய்ச்சித் தேய்க்கக் கொடுத்தேன். காலைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்த மனிதர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. துரையிடம் சொன்னது இனிமேல் பொய்யில்லை, பாருங்கள்.

எங்கள் மெஸ்ஸுக்கு நேர் கீழே மா மியா என்கிற பர்மாக்காரி மொஹிங்கா விற்றாள். அரிசிச் சேவையில் மீன்குழம்பு ஊற்றித் தருவாளே, அதுதான். இவர் வந்த முதல் நாள் அவள் மரியாதைக்காக ஒரு கிண்ணத்தில் நப்பி கொடுத்தாள். மீனை உப்பில் ஊறப்போட்டு அரைத்த விழுது அது. புதிதாக வந்தவர்கள் அந்த வாடைக்கே தெருவின் மறுபக்கம் போய்விடுவார்கள். இவர் ஒரு விரல் தொட்டு வாயில் வைத்துவிட்டு, கண்ணில் நீர் முட்ட, பிரமாதம் என்று தலையாட்டினார். அன்றிலிருந்து தினம் ஒரு கிண்ணம் மேலே வந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்றார் மனிதர். ஆறு மாதத்தில் அது இல்லாமல் சோறு இறங்கவில்லை. கோயில் அறுப்புப் பண்டிகை விருந்துக்கும் சின்னச் சம்புடத்தில் கொண்டுபோய், குருவானவர் வீட்டம்மாவையே எழுந்து போகவைத்தார்.

இப்படிப்பட்டவரிடம் மாமனார் ஒரு கேள்வி கேட்டு எழுதினார். அங்கேதான் வந்தது வினை.

அவருக்குக் கல்யாணம் ஆகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பெண்ணைக் குன்னூரில் விட்டுவிட்டு வேலைக்கு வந்திருந்தார். மாமனார் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. ஒரே மகள். அந்தப் பெண்ணுக்குப் பத்து வயதில், மேட்டுப்பாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குக் கூட்டிப்போனபோது, வெயிலில் மயங்கி விழுந்துவிட்டாளாம். இவளுக்குச் சூடு ஆகாது, இனி மலையை விட்டு இறக்க மாட்டேன் என்று அன்றைக்கே மாமனார் முடிவு கட்டிவிட்டார். அதனால் கடிதத்தில் கேட்டிருந்தார்: ரங்கூன் சூடா, குளிரா, உள்ளபடி எழுதவும்.

கடிதம் வந்தது அடைமழைக் காலம். மழை பெய்தால் ரங்கூனில் கொஞ்சம் சிலுசிலுவென்று இருக்கும், அவ்வளவுதான். குன்னூர்க்காரர் எழுத உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தார். எழுந்துபோய்ப் பெட்டியிலிருந்து கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொண்டு வந்தார். 'இங்கேயும் நம் ஊர் போலக் குளிர்தான். இதைக் கம்பளி போர்த்திக்கொண்டுதான் எழுதுகிறேன்' என்று எழுதி, மை காய ஊதிவிட்டுக் கம்பளியைக் கழற்றி வைத்தார். நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அந்த இரண்டாவது வரி சத்தியம் என்று யார் கேட்டாலும் சொல்வேன்.

மறுநாளே கோட்டு ஏறிவிட்டது.

அடுத்த மாதம் மாமனாரிடமிருந்து பதில் வந்தது. கிறிஸ்துமஸுக்கு நானே நேரில் வருகிறேன். ஊர் குளிர் என்று என் கண்ணால் கண்டால் பெண்ணை அனுப்புகிறேன். இல்லையென்றால் நீர் என்னோடே கப்பல் ஏறும். இங்கே தோட்டத்தில் வேலை வாங்கித் தருகிறேன், நம் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம். கடிதத்தின் அடியில், குனிந்த எழுத்தில், பெண் ஒரு வரி எழுதியிருந்தாள்: 'நான் சுகம். எத்தனை கம்பளி கொண்டுவர வேண்டும்?'

வீட்டோடு மாப்பிள்ளையாகப் போவதற்கு அவருக்கு மனசில்லை. அவள் இல்லாமல் இங்கே இன்னொரு வருஷம் ஓட்டவும் மனசில்லை. அந்த ஒரு வரியை மட்டும் கத்தரித்து வேதப்புத்தகத்துக்குள் வைத்திருந்தார். சங்கீதத்தை வாசிப்பது போல எடுத்து எடுத்து வாசிப்பார். எனக்குப் பாவமாக இருந்தது. இருந்தும், அவர் வந்து கேட்ட உதவியைக் கேட்டதும் கரண்டியாலேயே ஒன்று போடலாமா என்று தோன்றியது.

"அக்கா, ஒரு பத்து நாளைக்கு எல்லாரும் கொஞ்சம் குளிரணும்ங்க."

"நான் குளிருக்கு எங்கே போவேன் தம்பி? கடையில தூக்கி விக்கானா?"

விற்றான். அதுதான் அவர் யோசனை. ஐஸ் கம்பெனியிலிருந்து ஒரு பாளம், உமியும் சாக்கும் சுற்றி, ரிக்ஷாவில் தினமும் பின்பக்கமாக வரும். மாமனார் படுக்கும் கட்டிலுக்கடியில் தகரத் தொட்டியில் வைத்துவிடுவது. சரி, அதோடு விட்டாரா? கட்டில் பக்கத்திலேயே கணப்புச் சட்டி ஒன்று கரி போட்டு மூட்ட வேண்டும் என்றார்.

"ஒண்ணு ஐஸை வையி, இல்லன்னா கணப்பை வையி. ரெண்டையும் வச்சா என்னல ஆகும்?" என்று எனக்கு ஊர்ப்பேச்சே வந்துவிட்டது.

அவர் பொறுமையாக விளக்கினார். கணப்பு இல்லாத வீட்டைக் குளிர்வீடு என்று யார் நம்புவார்கள்? ஆகவே கணப்பு வேண்டும். கணப்பை வைத்தால் அறை சூடாகிவிடும். ஆகவே ஐஸ் வேண்டும். நான் பரணிலிருந்து பழைய சட்டி ஒன்றை இறக்கிக் கொடுத்தேன்.

கப்பல் கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்னால் வந்தது. துறையில் போய் நின்றோம். மாமனார் பலகையில் இறங்கி வந்தார். நெட்டையான மனிதர், நரைத்த மீசை, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கோட்டு, கழுத்தில் மப்ளர், தலையில் கம்பளிக் குல்லா. நாலு நாள் கப்பல் தளத்தில் வெந்து முகம் செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. தோத்திரம் சொன்னார். மாப்பிள்ளையின் கோட்டை மேலிருந்து கீழே பார்த்தார். "நல்ல காத்து" என்றார். மீசை நுனியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை அவர் கைப்பெட்டியில் விழுந்தது.

வெயில் ஏறுவதற்குள் ஊரைச் சுற்றிக் காட்டுவது, பத்து மணிக்கு மேல் வெளியே குளிர்காற்று என்று சொல்லி அறைக்குள் வைத்துக்கொள்வது என்று ஏற்பாடு. மெஸ்ஸில் மற்ற நாலு பேரும் கம்பளிக்கு அலைந்தார்கள். ரயில்வேயில் இருந்த ஞானமுத்துவுக்கு எங்கேயும் கிடைக்கவில்லை. அவன் கோயில் பாடகர் குழுவின் கறுப்பு அங்கியைச் சொல்லாமல் எடுத்துவந்து மாட்டிக்கொண்டான். மாமனார் அவனை ஊழியக்காரர் என்று நினைத்துக்கொண்டு, காலையும் மாலையும் எழுந்து நின்று கும்பிட்டார். நானும் முதுகைச் சுற்றிச் சால்வை போட்டுக்கொண்டு அடுப்படியில் நின்றேன். அந்த நாலு நாளில் என் உடம்பு பாதியாகப் போயிற்று. பழைய ரவிக்கை எல்லாம் பொருந்தியது, அது ஒன்றுதான் லாபம்.

தகரத் தொட்டி ஓட்டை என்று யாருக்குத் தெரியும்? மூன்றாம் நாள் காலையில் மாமனார் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, மா மியா கையில் வாளியோடு மேலே வந்துவிட்டாள். அவள் கடையில் மொஹிங்கா தின்றுகொண்டிருந்த ஒரு போலீஸ்காரர் தலையில் ஐஸ் தண்ணீர் சொட்டியிருக்கிறது.

"அக்கா, மேலே மழை பெய்யுது. இந்த மாசம் எங்க ஊர்ல மழை இல்லே" என்றாள், அவள் கடைத்தெருவில் கற்ற தமிழில்.

குன்னூர்க்காரர் கணப்புச் சட்டியை வெறித்துப் பார்த்தார். மாமனார் காப்பியை ஓர் உறிஞ்சு உறிஞ்சிவிட்டு, "பனிதானுங்க அம்மா. எங்க ஊர்லயும் மார்கழில கூரை இப்படித்தான் சொட்டும்" என்றார்.

மா மியா கிட்டே வந்து அவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை என்று தெரிந்ததும் வாளியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். அப்புறம் படிக்கட்டில் நின்று அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பாள் என்று பார்த்தால் சிரிக்கவில்லை. அந்தப் பெண் வரவேண்டுமா என்று மட்டும் கேட்டாள். மறுநாளிலிருந்து கொதிக்கிற குழம்புப் பானைக்கு முன்னால் அவளும் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுக்கு என்ன தலையெழுத்து, சொல்லுங்கள்.

கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனைக்கு எல்லோரும் போனோம். அந்த ஒரு வேளை மட்டும் ஆண்டவர் எங்கள் பக்கம் இருந்தார். லேசாக மூடுபனி. ரங்கூன்காரர்கள் அதற்கே காதைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ஆராதனை முடிந்து வாசலுக்கு வெளியே நின்றபோது, குன்னூர்க்காரர் ஒதுங்கிப்போய், யாரும் பார்க்காதபோது வாயைக் குவித்து ஹா என்று ஊதிப் பார்த்தார். அவர் ஊரில் கிறிஸ்துமஸ் விடியலில் பாட்டுப் பாடினால் வாயிலிருந்து புகை வருமாம். அவளும் அவரும் ஒரே பாட்டுப் புத்தகத்தில் பாடினால் இரண்டு புகையும் கலக்குமாம்; ஒரு நாள் சோற்றுக்கு முன்னால் என்னிடம் சொல்லியிருக்கிறார். இங்கே ஒன்றும் வரவில்லை. இன்னொரு தடவை ஊதினார். அவர் முகம் சிறுத்துப்போயிற்று. வெளிநாட்டில் முதல் கிறிஸ்துமஸ் எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் என் ஊரில் புகை கிடையாது, தேடவும் இல்லை.

மாமனார் இதைப் பார்த்துவிட்டார். மெதுவாகப் போய்ப் பக்கத்தில் நின்றார். மா மியாவிடம் வாங்கியிருந்த பெரிய பர்மாச் சுருட்டைப் பற்றவைத்து, முகத்துக்கு நேரே ஒரு புகை விட்டார். "பாருங்க மாப்பிள்ளை, இங்கயும் புகை வருது" என்றார். நான் அதைக் கிழவர் வேடிக்கை என்று எண்ணிக்கொண்டு நடந்துவிட்டேன்.

மதியம் விருந்து. நெய்ச்சோறு, கோழிக்குழம்பு, ரசம், முந்திரிக்கொத்து. உச்சி வெயில் தகரக் கூரையைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. நீளப் பலகையைச் சுற்றி ஆறு ஆண்பிள்ளைகள் கம்பளிக்குள் வெந்துகொண்டு, என்ன குளிர் என்ன குளிர் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். ஞானமுத்துவின் அங்கியிலிருந்து கறுப்புச் சாயம் ஒழுகிக் கழுத்தில் கோடு போட்டிருந்தது. எல்லோரும் எழுந்து நிற்க, மாமனார் ஜெபம் பண்ணினார். குன்னூர்ச் சபை, தேயிலைத் தோட்டம், கப்பல் மாலுமிகள், ஊழியக்காரர் ஞானமுத்து என்று ஒவ்வொன்றாக ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்து, மகள் பெயருக்கு வந்து நிறுத்தினார். அந்த இடத்தில்தான் குன்னூர்க்காரர் நின்றவாக்கில் சாய்ந்தார். ரசச் சட்டிக்கு இந்தப் பக்கம் விழுந்ததால் பிழைத்தோம்.

மாமனார் ஆமென் என்று ஜெபத்தை முடித்தார். அந்த வயதில் அப்படி ஒரு வேகத்தை நான் கண்டதில்லை. மாப்பிள்ளையின் கோட்டைக் கிழிக்காத குறையாகக் கழற்றினார். உள்ளே இன்னொரு கோட்டு. அதற்குள் பின்னல் சட்டை. அதற்குள் பிளானல். வெங்காயம் உரிப்பது போல உரித்து எறிந்தார். "விசிறும்மா, விசிறு" என்று என்னை அதட்டினார். நேரே அறைக்குள் போனார். எங்கேயும் தேடவில்லை. கட்டிலுக்கடியில் கையை விட்டுத் தொட்டியை இழுத்தார், என் அம்மிக்குழவியை எடுத்து ஐஸை உடைத்தார், துண்டில் கட்டி மாப்பிள்ளை தலையில் வைத்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மனிதருக்கு முதல் நாளே எல்லாம் தெரியும்.

குன்னூர்க்காரர் கண் திறந்தார். வெற்றுடம்பு, நெற்றியில் ஐஸ், மேலே மாமனார். தொட்டி நடுவீட்டில் கிடந்தது. எழுந்து உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்தார். மறைக்க இனி ஒன்றும் இல்லை. எல்லாம் போயிற்று, கப்பல் ஏற வேண்டியதுதான் என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாமனார் தரையில் கிடந்த கோட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்து வைத்தார். தன் கோட்டில் ஒரு பொத்தான் கழன்றிருந்ததைப் பார்த்து அதைப் போட்டுக்கொண்டார். மப்ளரை இழுத்துக் காதைச் சுற்றிக் கட்டினார். அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"மாப்பிள்ளைக்குக் குளிர் தாங்கலைங்க. வெறைச்சுப் போயிட்டாரு."

சொல்லிவிட்டு மப்ளர் முடிச்சை இறுக்கினார்.

"தனியா விட்டா இந்தக் குளிர்லயே செத்துப்போவாரு. பொண்ண மாசி பொறந்ததும் கப்பல் ஏத்தறேன்."

குன்னூர்க்காரர் குழந்தை போல அழுதார். அழுகைக்கு நடுவில் எழுந்துபோய்க் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். இரண்டு பேரும் கழுத்துவரை பொத்தான் மாட்டியபடி உட்கார்ந்து நெய்ச்சோறு சாப்பிட்டார்கள். நான் கணப்பை மட்டும் அணைத்தேன்.

கப்பலேறும்போது மாமனாரைத் தனியாகப் பிடித்து, எப்போது தெரியும் ஐயா என்று கேட்டேன். கடிதம் படித்தபோதே தெரியும் என்றார். பூமிசாத்திரப் புத்தகம் அவர் வீட்டிலும் இருந்ததாம். பெண் ஆறு மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம். சூடான ஊருக்கு அனுப்ப மாட்டேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டதால், குளிர்கிறதா என்று வந்து பார்த்துவிட்டுத்தானே அனுப்ப முடியும் என்றார். மாமனும் மருமகனும் ஒரே மாவில் சுட்ட பணியாரம்.

மாசியில் அவள் வந்தாள். மஞ்சள் வாயில் சேலை, ஒரே ஒரு டிரங்குப் பெட்டி. கம்பளி எங்கே அம்மா என்றேன். எல்லாவற்றையும் ஊரிலேயே விட்டுவிட்டு வந்தேன் என்றாள். பிறந்த நாளிலிருந்து நடுங்கி நடுங்கியே அலுத்துப்போயிற்றாம். வெயிலில் போய் நின்றுகொண்டு இரண்டு கையையும் விரித்தாள். மயங்கி விழுந்துவிடப் போகிறாள் என்று பதறி, மேட்டுப்பாளையத்து விஷயத்தை நினைவுபடுத்தினேன்.

"அது வைகாசி மாசம்ங்க அக்கா. சளி பிடிச்சுக்கும்னு அப்பா எனக்கு ரெண்டு கம்பளிச் சட்டையும் குல்லாவும் போட்டு விட்டிருந்தாரு."

இதை அப்பாவிடமும் வீட்டுக்காரரிடமும் சொல்லியிருக்கக் கூடாதா என்றேன். யாரிடம் சொல்வது, இரண்டு பேரில் யார் கேட்கிற ஆள் என்றாள்.

அதற்குப் பிறகாவது குன்னூர்க்காரர் கோட்டைக் கழற்றுவாரா? மாட்டார். மாமனார் மாதாமாதம், குளிர் எப்படி என்று கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். இவர் தாங்கவில்லை என்று எழுதிக்கொண்டிருந்தார். எழுதியதை உண்மையாக்க வேண்டுமே. அவர் கோட்டோடு டிராமுக்குப் போவார், பக்கத்தில் அவள் பனைவிசிறியால் அவருக்கு விசிறிக்கொண்டே நடப்பாள்.

அந்தச் சித்திரையில் ஒரு மத்தியானம் படிக்கட்டில் எதிர்ப்பட்டார். எனக்கு வியர்வை கண்ணை மறைத்தது. கையில் ஈரத்துண்டு. அவர் நின்று, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "இன்னிக்குக் காத்து கொஞ்சம் சில்லுன்னு இருக்குதுங்களே அக்கா" என்றார்.

இவரைப் போல ஒரு மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அந்தப் படியில்தான் தெரிந்தது. ஆமாம் தம்பி என்று முந்தானையை இழுத்து முதுகைப் போர்த்திக்கொண்டேன். சொன்ன பிறகு, உள்ளபடியே கொஞ்சம் சில்லென்றுதான் இருந்தது.